ஐந்தாம் சீலமும் இல்லறத்தின் காவலும்

திரிசரணம் கூறிப் பஞ்சசீலம் ஏற்கும்போது நாம் இறுதியில் உரைப்பது மதுவை விலக்கும் சீலமாகும். இறுதியில் வருவதனால் அது சிறியது என்று கருதுவோர் நம்முள் சிலர் உளர். கொலை, களவு, பிறழ்ந்த காமம், பொய் என்னும் நான்கும் பிறருக்குத் தீங்கிழைப்பன. குடியோ குடிப்பவனை மட்டுமே சார்ந்தது. நாளெல்லாம் உழைத்துக் களைத்தவன் தன் காசில் சிறிது அருந்தினால் யாருக்கு என்ன கேடு என்று அவர்கள் வினவுவர். இவ்வினாவைப் பழித்து ஒதுக்குவது முறையன்று. பகவன் புத்தர் எதனையும் ஆராய்ந்து ஏற்குமாறு கற்பித்தவர். ஆதலின் நாமும் இதனை ஆராய்ந்து பார்ப்போம். ஆராயுங்கால் மற்றொரு வினாவும் எழும். சீலம் ஏற்ற பின்னரும் குடியினின்று மீள இயலாது வருந்தும் நம் சகோதரர்க்கு நாம் செய்யத்தக்கது யாது? இவ்விரண்டாம் வினாவே இன்று நம் இல்லங்களுக்கு மிகவும் வேண்டப்படுவதாகும்.

சீலத்தின் பொருள்

இச்சீலத்தைப் பாலி மொழியில் உரைக்கையில் வரும் சொற்களை முதலில் நோக்குவோம். 'சுரா' என்பது மாவும் சோறும் கொண்டு ஆக்கப்படும் மது. 'மேரயம்' என்பது பூவும் பழமும் வெல்லமும் ஊறிப் புளித்து உண்டாவது. 'மஜ்ஜம்' என்பது மயக்கம் தருவன அனைத்தையும் குறிக்கும். எனவே சாராயத்தை விலக்கிக் கள்ளை ஏற்கலாம், கள்ளை விலக்கிப் பீரை ஏற்கலாம் என்னும் வாதத்திற்கு இங்கே இடமில்லை.

இவற்றினும் சிறந்த சொல் 'பமாதம்' என்பது. அதற்கு மறதி, கவனமின்மை, காவல் தளர்தல் என்று பொருள் கூறலாம். மது தீட்டுப்பொருள் என்றோ, அதனைத் தொட்டவர் தாழ்ந்தவர் என்றோ பகவர் கூறினாரில்லை. தீட்டு என்னும் சொல்லால் நெடுங்காலம் துன்புற்ற நாம் இவ்வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். மது பமாதத்திற்கு நிலைக்களம் ஆதலின் அது விலக்கப்பட்டது. கை ஓங்குமுன் தடுப்பதும், பொய் நாவில் எழுமுன் நிறுத்துவதும் நம் விழிப்புணர்வே. அவ்விழிப்பை மது முதலில் உறங்கச் செய்கின்றது. காவலன் உறங்கிய வீட்டில் எந்தப் பொருளுக்குப் பாதுகாப்பு உண்டு? ஆகையால் இச்சீலம் வரிசையில் இறுதியாயினும் முன்னைய நான்கிற்கும் காவலாய் நிற்கின்றது. முதல் வினாவிற்கு விடையின் ஒரு பகுதி இதுவாகும்.

1956 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் தம்மத்தைத் தழுவி, தம்முடன் தழுவியோர்க்கு வகுத்தளித்த 22 உறுதிமொழிகளுள்ளும் மது அருந்தேன் என்பது ஒன்றாக விளங்குகின்றது. ஒடுக்கப்பட்ட மக்களின் கூலியும் உடல்வலியும் மதுக்கடையில் கரைவதை அறிந்தோர்க்கு அதன் தேவை நன்கு விளங்கும்.

சாகதர் வரலாறு

விநய பிடகத்தில் சாகதர் என்னும் தேரரின் வரலாறு காணப்படுகின்றது. அவர் பேராற்றல் வாய்ந்தவர். சடைமுடித் தவசியர் ஆசிரமம் ஒன்றில் கொடிய நாகத்தை அடக்கிப் புகழ் பெற்றார். அதன்பின் கோசாம்பி நகரத்து இல்லறத்தார் அவருக்குச் சிறப்புச் செய்ய விரும்பி, வீடுதோறும் உயர்ந்த மதுவை ஆயத்தம் செய்து வைத்தனர். ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்ததை அருந்திய தேரர், நகரை விட்டு நீங்குகையில் வாயிற்கண் வீழ்ந்தார். பிக்குகள் அவரைச் சுமந்து சென்று பகவர்பால் தலை இருக்குமாறு கிடத்தினர். அவரோ தம்மை அறியாது புரண்டு, பகவர் இருந்த திசையில் கால்களை நீட்டிக் கிடந்தார். நாகத்தை வென்ற இவர் இப்பொழுது ஒரு நீர்ப்பாம்பையேனும் எதிர்க்க வல்லரோ என்னும் கருத்துப்பட வினவிய பகவர், அன்று மதுவை விலக்கும் விதியைப் பிக்குகளுக்கு வகுத்தருளினார்.

இவ்வரலாற்றில் நாம் கற்கத்தக்கவை மூன்று. முதலாவது, வலியவரும் வீழ்வர். என் மனவுறுதி என்னைக் காக்கும் என்று ஒருவரும் இறுமாத்தல் கூடாது. இரண்டாவது, சாகதருக்கு மதுவை அளித்தவர் பகைவர் அல்லர், அன்பரே. திருமண வீட்டிலும், சாவு வீட்டிலும், சம்பள நாளிலும், "இன்று ஒருநாள் மட்டும்" என்று குவளையை நீட்டுவோரும் நம் உறவினரே, நண்பரே. மூன்றாவது மிக இன்றியமையாதது. மது அருந்துதல் பிக்குவைச் சங்கத்தினின்று நீக்கும் பாராஜிகக் குற்றங்களுள் வைக்கப்படவில்லை. ஒப்புக்கொண்டு திருந்தத்தக்க பாசித்தியக் குற்றங்களுள் வைக்கப்பட்டது. பகவர் மதுவை விலக்கினார், வீழ்ந்தவரை விலக்கினாரில்லை.

ஆறு கேடுகள்

இராசகிருகத்தில் ஆறு திசைகளை வணங்கி நின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவர் இல்லறநெறியை விளக்கியருளினார். அதனைக் கூறும் சிகாலோவாத சூத்திரம் குடியால் விளையும் கேடுகள் ஆறு என எண்ணிக் காட்டுகின்றது. அவ்வாறினையும் இன்றைய அறிவோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது பொருட்கேடு. நாளொன்றுக்கு 150 ரூபாய் குடிக்குச் செலவிடும் தொழிலாளி திங்கள்தோறும் 4,500 ரூபாயும், ஓராண்டில் 54,750 ரூபாயும் இழக்கின்றான். மறுநாள் எழ இயலாமல் இழந்த கூலி இக்கணக்கில் சேரவில்லை. மளிகைக் கடையில் வளரும் கடனும், அடகுக்குச் சென்று மீளாத அண்டாவும், குழுக் கடனின் வாரத் தவணையும் சேரவில்லை. பத்தாண்டுகளில் ஒரு மகளின் கல்லூரிப் படிப்பு அக்குவளைக்குள் மூழ்கிப் போகின்றது.

இரண்டாவது கலகம். முதலில் மயங்குவது மூளையில் ஆராய்ந்து அடக்கும் பகுதி. அதனால் நாணமும் அச்சமும் நீங்கி, சிறு சொல்லும் பெரும் பகையாகின்றது. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, அடிக்கடி குடித்து மயங்கும் கணவரையுடைய பெண்கள், குடியாக் கணவரையுடையோரைவிட மிகுதியாக வன்முறைக்கு ஆளாகின்றனர் எனக் காட்டியது. குடிப்பவனை மட்டுமே சார்ந்தது குடி என்பார்க்கு இதுவே விடையின் மறுபகுதி. அடியும் வசையும் விழுவது குடியாதவர்மேல் அன்றோ?

மூன்றாவது நோய். அருந்திய மதுவின் பெரும்பகுதியை முறிக்கும் வேலை கல்லீரலுக்கு உரியது. மது அங்கே அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாக மாறிப் பின்னரே தீங்கற்றதாகின்றது. குளிர்ந்த நீரில் தலை முழுகுவதாலோ, மோர் அருந்துவதாலோ இவ்வேலை விரைவுபடாது. நாள்தோறும் சுமை மிகுந்தால் முதலில் கல்லீரலில் கொழுப்புப் படியும். இந்நிலையில் குடியை விட்டால் பெரும்பாலும் பழைய நலம் திரும்பும். விடாவிடில் அழற்சியும், அதன்பின் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் 'சிரோசிஸ்' நோயும் தொடரலாம். கண் மஞ்சளித்தல், வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி ஆகியவை அதன் கொடிய அடையாளங்கள். கணையமும் இதயத் தசையும் நரம்புகளும் கெடும். மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988 ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது.

காசநோய்க்கும் குடிக்கும் உள்ள உறவை நாம் தனியே கருதவேண்டும். குடி உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துக் காசநோய்க்கு வழி திறக்கின்றது. மருந்து உண்ணும் காலத்தில் கல்லீரலுக்கு மேலும் கேடு செய்கின்றது. கோலார் தங்கவயலில் நிலத்தின் ஆழத்தே பாறைத் தூசியை உள்ளிழுத்து நுரையீரல் நலிந்தோர் நம் முன்னோருள் பலர். உடல்வலி தீரக் குடித்தோம் என்று அவர்கள் கூறியது பொய்யன்று. ஆயினும் மது வலியைத் தீர்ப்பதில்லை. சில நாழிகை மறைக்கின்றது. அச்சுரங்கங்கள் 2001 இல் மூடப்பட்டன. அங்கே பழகிய குடி மூடப்படவில்லை.

கள்ளச்சாராயத்தின் கொடுமை வேறு. அதில் கலக்கும் மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாகிக் கண்ணொளியைப் பறித்து உயிரையும் கவரும். 1981 இல் பெங்களூரில் நூற்றுக்கணக்கானோரும், 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரும் இவ்வாறு மாண்டனர்.

நான்காவது புகழ்க்கேடு. குடிப்பவனின் பெயர் மட்டும் கெடுவதில்லை. பள்ளியில் அவன் மகனும், பெண் பார்க்க வந்த வீட்டார் முன் அவன் மகளும் அப்பெயரைச் சுமக்கின்றனர். ஐந்தாவது நாணம் இழத்தல். ஆடை நெகிழ்ந்து தெருவோரம் கிடக்கும் தந்தையைத் தூக்கிவரச் சென்ற சிறுவன் தான் கண்டதை வாழ்நாளில் மறப்பதில்லை. ஆறாவது அறிவு குன்றல். நெடுநாள் குடியினால் தயாமின் என்னும் உயிர்ச்சத்து குறைந்து, நினைவே அழியும் நோய் சிலர்க்கு உண்டாகின்றது. தாய் கருவுற்றிருக்கையில் அருந்தும் மது, பிறவாத குழவியின் மூளையையும் கெடுக்கின்றது.

இவ்வாறில் நோய் ஒன்று நீங்கலாக மற்றவை மருத்துவர் கண்ணுக்குப் புலப்படா. அவை வீட்டிலுள்ளோர்க்கே புலப்படும். மாலையில் தெருவில் கேட்கும் காலடி ஓசையைக் கொண்டே, இன்று தந்தை எந்நிலையில் வருகின்றார் என்று அறிந்துகொள்ளும் பிள்ளைகள் எத்தனையோ வீடுகளில் உளர். அப்பிள்ளைகளின் கையில் புத்தகம் இருக்கும். செவியோ வாசலில் இருக்கும்.

பழக்கம் நோயாகும் விதம்

முதற்குவளையை எடுப்பவன் தன் விருப்பத்தால் எடுக்கின்றான். நாளடைவில் உடல் மதுவிற்கு இணங்கி, அஃதின்றி இயங்காத நிலையை அடைகின்றது. முன்பு ஒரு குவளை தந்த மயக்கத்திற்கு இப்போது மூன்று வேண்டும். காலையில் கை நடுங்கும். அந்நடுக்கத்தை நிறுத்தவே மீண்டும் குடிப்பான். இந்நிலையில் அவன் இன்பத்திற்குக் குடிக்கின்றானில்லை. துன்பத்திற்கு அஞ்சிக் குடிக்கின்றான். இதனை மருத்துவர் குடிநோய் என்பர். பௌத்த நெறியோ தண்ணா, அஃதாவது வேட்கை, வேட்கையையே வளர்க்கும் என்று நெடுங்காலத்துக்கு முன்பே உணர்த்தியது.

இந்திய அரசின் சார்பில் அகில இந்திய மருத்துவக் கழகம் நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துவோர். அவருள் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் குடியால் கேடுற்று உதவி வேண்டும் நிலையில் இருந்தனர். மூவரில் ஒருவருக்கு மேல் என்பது இதனாற் புலப்படும். "நான் அளவோடு நிறுத்துவேன்" என்று தொடங்காதவர் அவருள் யார்?

ஈண்டு எச்சரிக்கை ஒன்றைக் கூறுதல் நம் கடமை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென முற்றும் நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாதவை கண்ணுக்குத் தோன்றி, மனம் தடுமாறி, உயிருக்கும் இடர் நேரலாம். சீலம் ஏற்ற மறுநாள் ஒருவர் இவ்வாறு துன்புற்றால், அது மனவுறுதியின் குறையன்று, பேய்பிடித்தலும் அன்று. மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டிய நோய்நிலை அது. உறுதி கூறும் நாளுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, அவர் காட்டும் முறையில் நிறுத்துவதே அறிவுடைமை.

ஆறு திசைகளும் காவலாக

பகவர் சிகாலனுக்கு ஆறு திசைகளின் உட்பொருளையும் உணர்த்தினார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை ஏவலரும் தொழிலாளரும், மேல்திசை துறவோர். குடி இவ்வாறு உறவுகளையும் அறுக்கின்றது. எனவே குடியினின்று மீள விரும்புவோனைக் காப்பதும் இவ்வாறு உறவுகளுக்கும் உரிய கடமை என்று நாம் கொள்வோம்.

பெற்றோர் மகனின் கடனை மறைவாக அடைத்து அவன் குடியை நீட்டிக்காதிருப்பாராக. மருத்துவமனைக்கு உடன் செல்வாராக. நண்பர் அவன் முன் குவளையை நீட்டாதிருப்பாராக. மாலைப் பொழுதில் அவனைத் தனியே விடாதிருப்பாராக. குடிப்போர் மிகவும் வழுவுவது வேலை முடிந்த அந்த ஒரு நாழிகையிலேயே. தொழில் கொடுப்போர் கூலியோடு மதுவும் வாங்கித் தரும் வழக்கத்தை அறவே ஒழிப்பாராக. ஆசிரியர், வாடிய முகத்தோடு வரும் பிள்ளையை அடிக்குமுன் அதன் வீட்டு நிலையை அறிவாராக.

மனைவியரிடம் நாம் இரண்டு சொல்ல விரும்புகிறோம். ஒன்று, கணவர் அறியாமல் உணவில் மருந்துப் பொடி கலந்து கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அம்மருந்து உள்ளிருக்கக் கணவர் மது அருந்தினால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். மருந்து அவர் அறிந்து, இசைந்து, மருத்துவர் சொற்படி உண்ணத்தக்கது. மற்றொன்று, பொறுமை பெரும் அறமாயினும், அடியைப் பொறுத்திருத்தல் பொறுமையாகாது. குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்கும் சட்டம் 2005 இல் இயற்றப்பட்டது. 181 என்னும் தொலைபேசி எண்ணில் பெண்கள் உதவி பெறலாம். வீட்டின் மானம் போகுமே என்று மறைத்தலால் நோய் வளருமேயன்றி மானம் வளராது.

மருத்துவ உதவி இன்று எட்டாப் பொருளன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும், அரசுப் பெருமருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் குடிநோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. 14446 என்னும் எண் போதை மீட்புக்காகவும், 14416 என்னும் எண் மனநல ஆலோசனைக்காகவும் கட்டணமின்றி இயங்குகின்றன. 1935 இல் அமெரிக்காவில் தோன்றிய, பெயர் வெளியிடாக் குடிநோயாளர் கூட்டங்கள் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. மீண்டவர் ஒருவர், மீள விரும்புவோர் ஒருவர் அருகில் அமர்ந்து தம் கதையைக் கூறுவது அங்குள்ள முறை. அது நல்ல நட்பு என்று தம்மம் கூறும் கல்யாண மித்திரத்திற்கு மிக அணுக்கமானதே.

மேல்திசையின் கடமை விகாரையையும் சங்கத்தையும் சார்ந்த நமக்குரியது. குடிப்பவர் உபோசத நாளில் வர நாணி வெளியே நிற்கின்றார். "சீலம் கூறிவிட்டு மீறினேன், எம்முகத்தோடு மீண்டும் கூறுவேன்?" என்பது அவர் உள்ளத்து வினா. சீலம் சிக்காபதம் எனப்படுகின்றது. அஃதாவது பயிற்சிக்குரிய படி. பயிலுவோன் தவறுதல் இயல்பு. தவறியவன் மீண்டும் பயிலுதல் கடமை. ஒருமுறை கூறியது போதுமென்றால், நாம் ஒவ்வொரு முறையும் பஞ்சசீலத்தைப் புதிதாக ஏற்பது எதற்கு?

நம் தமிழ்ப் பௌத்த காவியமாகிய மணிமேகலையில் சாதுவன் வரலாறு உண்டு. அவன் கணிகையாலும் சூதாலும் பொருளிழந்து, மனைவி ஆதிரையைப் பிரிந்து, மரக்கலம் உடைந்து நாகர் மலையை அடைந்தவன். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் அளித்தபோது அவற்றை மறுத்து, அவனுக்கே அறம் உரைத்தான். பின்னர் வீடு திரும்பி ஆதிரையோடு நல்லறம் செய்து வாழ்ந்தான். அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டது அவ்வாதிரையின் கையே. ஒரு காலத்தில் இல்லத்தை அழித்தவன் மற்றொரு காலத்தில் அறம் உரைப்பவன் ஆகலாம். அழிந்த இல்லமே அமுது வழங்கும் இல்லமும் ஆகலாம்.

எனவே உபாசக உபாசிகைகளே! குடியாதவர் குடியாதிருப்பதில் உறுதி கொள்வோம். நம் திருமணங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் மதுவுக்கு இடமில்லை என்று ஒவ்வொரு தெருவிலும் முடிவு செய்வோம். வீழ்ந்தவரைத் தேடிச் சென்று, மருத்துவரிடம் ஒரு கையாலும் விகாரைக்கு மறு கையாலும் அழைத்து வருவோம். வரும் உபோசத நாளில் வாசலுக்கு வெளியே நாணி நிற்கும் சகோதரர் ஒருவர் இருப்பின், அவரை உள்ளே அழைத்து, அவர் அருகில் அமர்ந்து, ஐந்தாம் சீலத்தை அவரோடு நாமும் கூறுவோமாக.

அனைவர்க்கும் மங்களம் உண்டாவதாக.